தினமும் ஓட்ட ஒரு டட்சன் 120ஒய்: எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். தாத்தா விட்டுப்போன 1977-ஆம் ஆண்டு டட்சன் 120ஒய், நான்கு கதவு. பல வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது, எஞ்சின் சுற்றுகிறது. வீடு கோலாலம்பூர் செந்தூல், வேலை ஷா ஆலாம், தினமும் அந்தக் காடியிலேயே போய்வர ஆசை. மாமா, "டொயோட்டா 4ஏ-ஜிஇ எஞ்சினை ஹாஃப்-கட்டாக (வெட்டிய பழைய காடியின் பாதி) வாங்கிப் போடு, பறக்கும்" என்கிறார். கூட்டாளி, "ஒரு ஸ்க்ரூவைக்கூட மாத்தாதே, மதிப்பு போயிடும்" என்கிறார். வீட்டுக்காரம்மா, "ஏர்கோன் இல்லேன்னா நான் ஏறமாட்டேன்" என்கிறார். இதில் யார் பேச்சைக் கேட்பது?

வீட்டுக்காரம்மா பேச்சை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துமலை வரை போய்த் திரும்புகிற காடியைத் தயார் செய்வது பெரிய காரியமே இல்லை. காற்று குளிர்ச்சியாக இருக்கும், ரோடு காலியாக இருக்கும், ஏதாவது நின்றுபோனாலும் நாலு பேர் வந்து தள்ளிவிட்டுப் படமும் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் கேட்பது வேறு. மாலை ஆறரை மணி, கூட்டரசு நெடுஞ்சாலை, கொட்டுகிற மழை, முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு விளக்கு. எஞ்சின் ஐட்லிங்கில் (காடி நிற்க எஞ்சின் மட்டும் ஓடுகையில்) துடிக்கிறது. வைப்பர், ஹெட்லைட், ஏர்கோன், ரேடியேட்டர் காற்றாடி நான்கும் ஒரே நேரத்தில் பேட்டரியை உறிஞ்சுகின்றன. அந்த ஒரு மணி நேரத்தைத் தாங்குகிற காடி வேறு எதையும் தாங்கும். எந்த மாற்றம் செய்வதாக இருந்தாலும் அந்த ஜாமில் அது உதவுமா, உபத்திரவமா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். குதிரைத்திறன் அங்கே உதவாது. ஏர்கோன் உதவும், ஏனென்றால் மழையில் கண்ணாடியில் படியும் ஆவியை எடுப்பதே அதுதான்.

காடியைத் தொடுவதற்கு முன் காகிதம். கெரான் (காடியின் உரிமைப் பத்திரம்) இன்னும் தாத்தா பெயரில் இருந்தால், இறந்தவரின் சொத்தாகத்தான் அது மாறி வரவேண்டும். அதற்கான நிர்வாக ஆணை இல்லாமல் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே பெயர் மாற்றாது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பட்டறையில் காசைக் கொட்டிவிட்டு, சித்தப்பா ஒருவர் கையெழுத்துப் போட மறுத்ததால் நின்றுபோன காடிகள் உண்டு. கையோடு ஒரு டார்ச் எடுத்துப் போய், கெரானில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் காடியில் உள்ளவையோடு பொருந்துகின்றனவா என்று நீங்களே பாருங்கள். எண்பதுகளில் யாரோ எஞ்சினை மாற்றிவிட்டுப் பதியாமல் விட்டிருந்தால் வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பாகோமில் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

அடுத்தது துரு. இதில்தான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் இந்தக் காடியின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. கொட்டகையில் நின்ற காடி காய்ந்துதான் இருக்கும் என்று நம்பாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ஓடாத காடி ஓடுகிற காடியைவிட வேகமாக அரிக்கும். நான்கு கார்பெட்டையும் எடுத்து வெயிலில் போடுங்கள். அடியில் தார் மாதிரி ஒரு விரிப்பு ஒட்டியிருக்கும். அது உப்பியிருக்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு "டங்" என்று எதிரொலிக்கும். அரித்த தகடு "தொப்" என்று அமுங்கும். வெளியே கதவுக்குக் கீழ் ஓடும் சில், பின்சக்கர வளைவு, ஹெட்லைட்டைச் சுற்றிய தகடு ஆகியவற்றில் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். பெயிண்ட் பளபளக்கும் இடத்தில் காந்தம் வழுக்கி விழுந்தால் அங்கே இரும்பு இல்லை, முந்தைய ஸ்ப்ரே கடைக்காரரின் புட்டிதான் இருக்கிறது.

பிறகு தண்ணீர்ச் சோதனை. ஒருவர் வெளியே நின்று முன் கண்ணாடியின் கீழ் மூலையில் ரப்பர் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விடட்டும். நீங்கள் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஒரு சொட்டு உங்கள் நெற்றியில் விழும். எங்கிருந்து வருகிறது என்று அப்போதே சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி ரப்பர் காய்ந்து சுருங்கியதாலோ, வைப்பருக்கு அடியில் உள்ள காற்றுத் தொட்டியில் இலை அடைத்து அரித்ததாலோதான் பெரும்பாலும் தரைத்தகடு போகிறது. தரையை மட்டும் பற்றவைத்து மேலே உள்ள ஓட்டையை விட்டுவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் மறுபடியும் அதே கதை.

துருப்பிடித்த தகட்டின் மேல் புதுத் தகட்டை ஒட்டவைக்க விடாதீர்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவே ஈரம் தங்கி இன்னும் வேகமாக அரிக்கும். நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து சிஓ2 வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். ஃபைபர் வேண்டாம். லீஃப் ஸ்பிரிங் பிடித்திருக்கும் இடமும் முன் ஸ்ட்ரட் மேல் முனையும் அரித்திருந்தால் அது உயிர் விஷயம். அந்த வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். முடிந்ததும் சில்லுக்குள்ளும் கதவுக்குள்ளும் குழாய் விட்டு மெழுகு அடிக்க வேண்டும். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை ஸ்ப்ரே கடையில் அடைத்துவிடுவார்கள், ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

பிரேக்கில் பேரம் பேசாதீர்கள். மாஸ்டர் சிலிண்டர், சக்கர சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ் அத்தனையும் புதிது. இரும்புக் குழாய்களில் துரு தெரிந்தால் அதையும் மாற்றுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கிவிடும். கெந்திங் இறக்கத்தில் பெடல் பஞ்சுபோல உள்ளே போவதற்குக் காரணம் அதுதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும், அதிகச் செலவுமில்லை. டயர் பளிச்சென்று இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க வாரம்-ஆண்டு எண்ணைப் பாருங்கள்; கொட்டகையில் நின்ற டயரை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். 12 அங்குல டயர் தேடி அலைவதைவிட 13 அங்குல ரிம்முக்கு மாறுவது புத்திசாலித்தனம். 175/70 ஆர்13 என்றால் பழைய புரோட்டோன் சாகாவுக்கும் இஸ்வாராவுக்கும் போடுகிற அளவு, கடைக்குக் கடை கிடைக்கும். ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி, பின்னால் மூன்று பேரை உட்காரவைத்து, எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

இனி சூடு. 120ஒய்-இன் எஞ்சின் ஏ12, 1171 சிசி. மேலே உள்ள சிலிண்டர் தலை அலுமினியம், கீழே உள்ள பிளாக் இரும்பு. இந்த இரண்டு உலோகங்களுக்கு நடுவே வெறும் பைப் தண்ணீர் ஓடினால் தலையை அரித்து, துருச்சேற்றை ரேடியேட்டரில் கொண்டுபோய் அடைக்கும். தாத்தா காலத்தில் எல்லாரும் தண்ணீர்தான் ஊற்றினார்கள், எனவே உங்கள் பிளாக்குக்குள் சேறு நிச்சயம் இருக்கும். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள மூடிகளான வெல்ஷ் பிளக்கைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள், பிறகு கூலண்ட் தவிர வேறு எதுவும் ஊற்றாதீர்கள். ரேடியேட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். பித்தளைத் தொட்டியை வைத்துக்கொண்டு உள்ளே உள்ள கோர் மட்டும் புதிதாக, ஒரு வரிசை கூட்டிப் போட்டுத் தரும் கடைகள் கோலாலம்பூரில் இன்னும் இருக்கின்றன. பார்ப்பதற்கும் பழைய மாதிரியே இருக்கும். மூடி புதிது வாங்குங்கள். 0.9 பார் அழுத்தம் பிடிக்கிற மூடியில் தண்ணீர் சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் செத்த மூடியில் 100-லேயே கொதித்துவிடும். சில்லறைக் காசு மூடியைப் பார்க்காமல் தலை கேஸ்கெட்டை மாற்றுகிறவர்கள் நிறையப் பேர்.

எஞ்சினோடு சுழலும் காற்றாடி வேகமாகப் போகும்போது தேவையில்லை, ஜாமில் நிற்கும்போது போதாது. வெப்ப சுவிட்ச் வைத்த மின் காற்றாடி ஒன்று, அதைச் சுற்றித் தகட்டுக் கூடு ஒன்று. கூடு இல்லாவிட்டால் காற்றாடி தன் வட்டத்துக்கு நேராக உள்ள இடத்திலிருந்து மட்டும்தான் காற்றை இழுக்கும். தெர்மோஸ்டேட்டைக் கழற்றிவிட்டால் குளிர்ந்துவிடும் என்று சொல்கிற போமன் (மெக்கானிக்) இருந்தால் அவர் கடைக்குப் போகாதீர்கள். 82 டிகிரி தெர்மோஸ்டேட் இருந்தே ஆகவேண்டும், இல்லையென்றால் எஞ்சின் நெடுஞ்சாலையில் அரைகுறைச் சூட்டில் ஓடித் தேயும்.

ஜாமில் வரும் இன்னொரு தொல்லை: பத்து நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பினால் எஞ்சின் இருமி இருமிச் செத்துப்போகும். போமன் பிளக்கை மாற்றுவார், காயிலை மாற்றுவார். உண்மையில் கார்பரேட்டருக்குள்ளும் எஞ்சின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்புக்குள்ளும் பெட்ரோல் ஆவியாகியிருக்கும். கார்பரேட்டருக்கு அடியில் உள்ள கனத்த இன்சுலேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள், பழைய ஆட்கள் அதை எறிந்துவிட்டு வெறும் கேஸ்கெட் போட்டிருப்பார்கள். பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்ட் பக்கம் உரசாமல் ஓடட்டும். மின் பம்ப் போடுவதென்றால் கார்பரேட்டருக்கு உரிய குறைந்த அழுத்தப் பம்ப்தான், அதுவும் எஞ்சின் நின்றால் தானே நிற்கிற மாதிரி ரிலே என்கிற தானியங்கி மின் சுவிட்சோடு. பெட்ரோல் விஷயத்தில் கவலை வேண்டாம். ஏ12-இன் அழுத்த விகிதம் 9-க்கு 1, ரோன்95 தாராளமாகப் போதும். ஈயம் இல்லாத பெட்ரோல் வால்வு இருக்கையைத் தின்றுவிடும் என்கிற பயம் மோரிஸ் மைனர் மாதிரி இரும்புத் தலை எஞ்சின்களுக்கு. அலுமினியத் தலையில் வால்வு இருக்கை தனி வளையமாகத்தான் பதிக்கப்பட்டிருக்கும்.

இப்போது வயரிங்கும் ஏர்கோனும். இரண்டையும் ஒரே வேலையாகத்தான் செய்ய வேண்டும். மழை ஜாமில் எவ்வளவு மின்சாரம் போகிறது என்று ஒரு கணக்குப் போடுவோம். எச்4 ஹெட்லைட் இரண்டும் 9 ஆம்பியர், பின்விளக்கு மற்ற விளக்குகள் 3, வைப்பர் 4, ஏர்கோன் புளோவர் 10 சொச்சம், கம்ப்ரஸர் கிளட்ச் 4, ரேடியேட்டர் காற்றாடியும் கண்டென்சர் காற்றாடியும் சேர்த்து 16 என்று வையுங்கள். 45-ஐத் தாண்டுகிறது. அந்தக் காலத்து ஆல்டர்னேட்டர் 35 ஆம்பியர் வகை, அதுவும் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது. ஐட்லிங்கில் அதில் பாதி வந்தால் பெரிய விஷயம். மீதியைப் பேட்டரி கொடுக்கும், சுபாங்குக்கு வருவதற்குள் ஹெட்லைட் மஞ்சளாகிவிடும். ஆகவே ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிற 60, 70 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் ஒன்று. அதைப் போட்டுவிட்டுப் பழைய மெல்லிய சார்ஜிங் வயரை அப்படியே விடுகிறவர்கள் உண்டு, வயர் உருகிப் புகை வந்த பிறகுதான் ஞாபகம் வரும். பேட்டரிக்குப் போகும் வயர் தடிமனாக, நடுவில் ஃபியூஸோடு. எஞ்சினிலிருந்து உடலுக்குப் போகும் எர்த் பட்டை புதிது.

ஹெட்லைட்டுக்கு ரிலே கட்டாயம். 120ஒய்-இல் விளக்கு மின்சாரம் முழுவதும் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்சு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. ஒரு மல்டிமீட்டரை எடுத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட், பல்பின் பின்னால் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். ஒன்றரை வோல்ட் வித்தியாசம் இருந்தால் ஆச்சரியமில்லை. வோல்டேஜ் பத்து விழுக்காடு குறைந்தால் பல்பின் ஒளி பத்து விழுக்காடு குறையாது, கிட்டத்தட்ட முப்பது விழுக்காடு குறைந்துவிடும். வெள்ளை எல்இடி வாங்கி எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசவைப்பதைவிட, இரண்டு ரிலேயும் நல்ல வயரும் போட்டுப் பழைய பல்பையே முழு வெளிச்சத்தில் எரியவிடலாம்.

ஏர்கோனில் பழைய ஆர்12 வாயுவின் கதை மொன்ட்ரியல் ஒப்பந்தத்தோடு முடிந்தது. தாத்தா காடியில் பழைய ஏர்கோன் இருந்தால், அதில் அப்படியே ஆர்134ஏ அடைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கிளம்பி வந்துவிடுங்கள். ஆர்12-உடன் சுற்றிய மினரல் எண்ணெய் புதிய வாயுவோடு கலக்காது, கம்ப்ரஸர் காய்ந்துபோகும். எண்ணெய், ஓ-ரிங், ஹோஸ், டிரையர் எல்லாம் மாற வேண்டும். கம்ப்ரஸர் சாண்டன் 508 வகை நம் ஊர் ஏர்கோன் கடைகளுக்குப் பழகிய பொருள். கண்டென்சரை மட்டும் இடம் கொள்ளும் அளவுக்குப் பெரிதாக, புதிய பேரலல்-ஃப்ளோ வகையில் வாங்குங்கள். ஆர்134ஏ குளிர்வது அதைப் பொறுத்தது. கம்ப்ரஸர் பிடிக்கும்போது சின்ன எஞ்சின் மூச்சுத் திணறும், அதனால் ஐட்லிங்கைத் தானே தூக்கிவிடும் வேக்கம் ஐடில்-அப் கட்டாயம். கண்ணாடிக்கு டின்ட் ஒட்டலாம்: 2019 விதிப்படி முன் கண்ணாடியில் 70 விழுக்காடு, முன் கதவுக் கண்ணாடியில் 50 விழுக்காடு ஒளி உள்ளே வரவேண்டும், பின்னால் உங்கள் இஷ்டம்.

மாமாவின் 4ஏ-ஜிஇ-க்கு வருகிறேன். அருமையான எஞ்சின், நான் மறுக்கவில்லை. ஆனால் அது வந்தால் மவுண்டை வெட்ட வேண்டும், கியர்பாக்ஸ் மாறும், புரோபெல்லர் ஷாஃப்ட் புதிதாகச் செய்ய வேண்டும், இன்ஜெக்‌ஷனுக்கு உயர் அழுத்தப் பம்ப், கம்ப்யூட்டர், வயரிங் வேண்டும், பிரேக்கும் பின் ஆக்ஸிலும் அதற்கேற்ப. எல்லாம் கைவேலை. உடைந்தால் அதைச் செய்த ஆளைத்தான் தேட வேண்டும், அவர் ஈப்போவுக்குக் குடிபோயிருப்பார். வேலைக்குப் போகிற காடிக்கு எந்த ஸ்பேர் பார்ட் கடையிலும் கிடைக்கிற பொருள்தான் சரி.

ஏ12-ஐ முதலில் அளந்து பாருங்கள். நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் சமமாக இருந்தால், வால்வு இடைவெளியைச் சூட்டில் 0.35 மில்லிமீட்டருக்குச் சரிசெய்து, டைமிங் செயின், ஆயில் சீல், தண்ணீர்ப் பம்ப் மாற்றி, ஹிட்டாச்சி கார்பரேட்டரை ஓவர்ஹால் செய்து ஓட்டுங்கள். கார்பரேட்டரின் திராட்டில் தண்டு ஆடினால் அங்கே காற்று புகும். எத்தனை தடவை திருகினாலும் ஐட்லிங் சீராக நிற்காது. தீப்பொறிக்கான பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் கிட் ஒன்று டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மறைவாகப் போட்டால் மழைக்காலக் காலைகளில் நிம்மதி. எஞ்சின் தேய்ந்திருந்தால், அல்லது ஏர்கோனோடு மேட்டில் இழுவை போதவில்லை என்று பட்டால், அண்ணன்-தம்பி முறையில் ஒரு வழி இருக்கிறது: நிஸ்ஸான் வானெட் சி22 வேனின் ஏ15. ஏ12-உம் ஏ15-உம் ஒரே குடும்பம். ஏ12-இல் பிஸ்டன் 70 மில்லிமீட்டர் ஏறி இறங்கும், ஏ15-இல் 82. கீழ் வேகத்திலேயே இழுவை வருவதற்கு அதுதான் காரணம், ஜாமுக்கு வேண்டியதும் அதுதான். அமெரிக்காவில் இதே உடலை 1.4 லிட்டர் ஏ14-உடன் விற்றார்கள், ஆகவே காடிக்கு இது அந்நியமில்லை. வானெட் நம் ஊரில் பள்ளி வேனாகவும் சந்தை வேனாகவும் ஓடிய ஓட்டத்தில், கேஸ்கெட் முதல் பேரிங் வரை இன்னும் கிடைக்கிறது. வேனின் சம்ப்பும் (எண்ணெய்த் தொட்டி) மவுண்டும் அப்படியே உட்காரும் என்று எடுத்துக்கொள்ளாமல் இரண்டு எஞ்சினையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, உங்கள் காடியினுடையதை மாற்றிப் பூட்டுங்கள். ஏ15 பிளாக் கொஞ்சம் உயரம், பானட் இடிக்காமல் ஏர் ஃபில்டர் வைக்க வேண்டும்.

எஞ்சின் மாற்றினால் வாங்கிய ரசீதை வைத்துக்கொண்டு, முன்கூட்டியே ஜேபிஜேயில் அனுமதி பெற்று, புஸ்பாகோமில் காட்டி, கெரானில் பதிந்துவிடுங்கள். சாலை வரி 1171 சிசிக்கு 55 வெள்ளி (ரிங்கிட்). 1488 சிசிக்கு 90 வெள்ளி. மாமாவின் 1587 சிசிக்கும் அதே 90-தான், அந்த வாதத்தில் அவர் ஜெயிப்பார். பழைய ஏ12-ஐ விற்காதீர்கள். எண்ணெய் தடவிப் பிளாஸ்டிக்கில் சுற்றி வையுங்கள். கழற்றிய ஏர் ஃபில்டர், ரிம், ரெகுலேட்டர் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். கூட்டாளி சொல்கிற "மதிப்பு" அந்தப் பெட்டியில் பத்திரமாக இருக்கும். எதை மாற்றினாலும் வெட்டாமல் மாற்றினால், நாளைக்கு உங்கள் மகன் திருப்பிப் போட்டுக்கொள்வான்.

பெல்ட் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. பின் இருக்கையிலும் பெல்ட் போட வேண்டும் என்பது 2009 ஜனவரியிலிருந்து, குழந்தை இருக்கை 2020 ஜனவரியிலிருந்து. பழைய காடி என்பதால் சட்டம் விட்டுக்கொடுத்தாலும் விபத்து விட்டுக்கொடுக்காது. வெறும் தரைத்தகட்டில் துளை போட்டுப் பெல்ட் மாட்டக்கூடாது. அடியில் கனத்த தகடு பற்றவைத்து அதில்தான் போல்ட். இதைத் தரை வெல்டிங் நடக்கும்போதே செய்துவிட்டால் செலவு பாதி.

பெயிண்ட் கடைசி. பிரேக், சூடு, வயரிங் முடிந்ததும் காடியை அதன் அழுக்குச் சட்டையோடேயே சில மாதம் வேலைக்கு ஓட்டுங்கள். அந்த மாதங்களில் எப்படியும் டாஷ்போர்டு இரண்டு தடவை வெளியே வரும், கதவுப் பலகை கழலும், புதுப் பெயிண்டில் கீறல் விழும். தொல்லையெல்லாம் வெளிவந்து அடங்கிய பிறகு கண்ணாடிகளைக் கழற்றி, புது ரப்பரோடு, கெரானில் உள்ள நிறத்திலேயே அடியுங்கள். நிறம் மாற்றினால் அதற்கும் ஜேபிஜேயில் பதிய வேண்டும்.

காப்புறுதிக்கு இப்போதே விசாரிக்கத் தொடங்குங்கள். இந்த வயதுக் காடிக்குப் பல நிறுவனங்கள் மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும்தான் தரும். ஒப்புக்கொண்ட மதிப்பு என்று எழுதித் தருகிற பாலிசி கிடைத்தால் அதை எடுங்கள், ஏனென்றால் சந்தை மதிப்பு என்று எழுதினால் விபத்து நடந்த நாளில் 1977 காடிக்கு என்ன விலை என்று அவர்கள் சொல்வதுதான் கணக்கு. ஒப்புக்கொண்ட மதிப்புக்கு அவர்கள் கேட்பது வெல்டிங்குக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களும் ஒவ்வொரு பொருளுக்குமான ரசீதும். தரைத்தகட்டை வெட்டுகிற அன்றிலிருந்தே கைபேசியில் எடுத்துச் சேர்த்துவிடுங்கள்.